மூன்று எம்எம் பலகையும் ஒரு போன் ஸ்டாண்டும்

சமையல் மேடையில் உப்பு ஜாடிமேல் ஒரு போன் சாய்ந்து நிற்கும். படிக்கிற மேசையில் புத்தகக் கட்டின்மேல் இன்னொன்று நிற்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வழுக்கி விழும், எடுத்து நிறுத்துவோம். இதற்கு மரத்தில் ஒரு ஸ்டாண்டு செய்துகொண்டால் என்ன என்று நினைப்பவர்களுக்காகவே இந்தப் பத்தி. கடையில் கிடைக்கிறதே என்றால், கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் நம் போனின் அளவுக்கும் நம் மேசைக்கும் நாம் உட்காரும் உயரத்துக்கும் ஏற்றபடி நாமே வரைந்து வெட்டிய ஒன்று மேசையில் நிற்பது தனி நிறைவு. லேசர் வெட்டைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல முதல் வேலை எனக்குத் தெரிந்து இல்லை. பொருள் சிறியதுதான். ஆனால் எடை எங்கே விழுகிறது, பலகை உண்மையில் எத்தனை தடிமன், கதிர் எவ்வளவு மரத்தைத் தின்கிறது என்ற மூன்றையும் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் இது நிற்காது. டீயைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கணினியைத் திறக்க வேண்டாம். போனை எடுத்து அளந்து, அளவுகளைத் தாளில் எழுதுங்கள். உறையைக் கழற்றாமல் அளக்க வேண்டும், ஏனென்றால் ஸ்டாண்டில் உட்காரப்போவது உறை போட்ட போன். இப்போதைய போன்கள் பெரும்பாலும் 160 மி.மீ. உயரம், 75 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன், 200 கிராம் எடை என்ற அளவை ஒட்டி இருக்கின்றன. உறை போட்டால் தடிமன் 11, 12 ஆகிவிடும். பின்புறக் கேமரா மேடு எங்கே தொடங்குகிறது, பக்கத்துப் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜரைச் செருகினால் கீழே எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதும் வேண்டும். வயர் வளைவதற்கும் சேர்த்து 30 மி.மீ. இடம் விட்டால் போதும்.

இனி வடிவம். பக்கவாட்டில் பார்த்தால் சாய்ந்த முதுகு, அதன் அடியில் போன் உட்காரும் சிறு திண்ணை, திண்ணையின் முனையில் போனைத் தடுக்கும் உதடு, பின்னால் நீண்ட பாதம். இந்த வடிவில் ஒரே மாதிரி இரண்டு பக்கப் பலகைகள் வேண்டும். அவற்றை 45 மி.மீ. இடைவெளியில் பிடித்து நிறுத்த இரண்டு குறுக்குத் துண்டுகள். ஆக நான்கே துண்டுகள், ஆணியும் இல்லை, திருகும் இல்லை. முதுகுக்கு அகலமான ஒற்றைப் பலகையைப் போடுவதைவிட இந்த ஏற்பாடு மேல் என்பது என் கருத்து. சார்ஜர் வயர் இரண்டு பலகைக்கும் நடுவே தானாக இறங்கிவிடுகிறது. போனைப் படுக்கவைத்துப் படம் பார்த்தாலும், பலகைகள் போனின் நடுவிலிருந்து இருபுறமும் 25 மி.மீ. அளவில் நின்றுவிடுவதால் ஓரத்தில் இருக்கும் கேமரா மேட்டில் இடிக்காது. படுக்கவைக்கும்போது பொத்தான்கள் இருக்கும் விளிம்பு மேலே வரட்டும். கீழே வந்தால் போனின் எடையே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்.

சாய்வு எவ்வளவு வைப்பது? நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நம் கண் மேசைக்கு மேல் ஏறக்குறைய 45 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஸ்டாண்டில் நிற்கும் போனின் நடுப்பகுதி மேசைக்கு மேல் 10 செ.மீ. இருக்கும். போன் அரை மீட்டர் தள்ளி இருந்தால் நம் பார்வை சுமார் 35 டிகிரி கீழே சரிந்து போகிறது. திரை அந்தப் பார்வைக்கு நேரெதிரே நிற்க, அது மேசையோடு 55 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும். 60 வைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணக்கும் எளிதாகும். சமையல் மேடைமுன் நின்றுகொண்டே பார்ப்பவருக்குக் கண் இன்னும் உயரத்தில் இருப்பதால் 45 டிகிரிதான் வசதி. யார் எங்கே இருந்து பார்ப்பார்கள் என்று தெரிந்த பிறகே கோணத்தை முடிவு செய்யுங்கள்.

இப்போது எடைக்கு வருவோம். நிறையப் பேர் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது. 160 மி.மீ. போனின் எடை மையம் அடியிலிருந்து 80 மி.மீ.யில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். 60 டிகிரி சாய்வில் அந்த மையம், போனின் அடி நிற்கும் இடத்திலிருந்து 40 மி.மீ. பின்னால் விழும். ஆகவே பின்பாதம் 40-ஐத் தாண்டி இருந்தால் போன் நிற்கும். ஆனால் நாம் போனை வெறுமனே பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பதில்லை, தொடுகிறோம். திரையின் மேல்விளிம்பில் விரலை வைத்து அழுத்தினால் ஸ்டாண்டு முழுவதும் பின்பாதத்தை அச்சாக வைத்துப் பின்னால் சாயப் பார்க்கும். போனின் அடி மேசையிலிருந்து 30 மி.மீ. உயர்ந்திருக்கிறது, பாதம் 80 மி.மீ. பின்னால் இருக்கிறது என்றால், ஸ்டாண்டின் சொந்த எடையைச் சேர்க்காமல் பார்த்தால், சுமார் 55 கிராம் அழுத்தத்திலேயே அது கவிழத் தொடங்கும். கொஞ்சம் வேகமாகத் தட்டினாலே அந்த அழுத்தம் வந்துவிடும். பாதத்தை 110 மி.மீ.க்கு நீட்டிப் பாருங்கள், கவிழ்க்க 105 கிராமுக்கு மேல் வேண்டும். மூன்று செ.மீ. மரத்தைக் கூட்டினோம், உறுதி ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. மூன்று எம்எம் பிளைவுட்டில் செய்த ஸ்டாண்டு மிகவும் லேசானது. அதன் எடையை நம்ப முடியாது, நீளத்தைத்தான் நம்ப வேண்டும்.

உதட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. போன் வழுக்காமல் தடுப்பது மட்டும் அதன் வேலை என்று தோன்றும். முதுகு 90 மி.மீ. உயரத்தோடு முடிகிறது, கேமரா மேடு அதற்கு மேலே இருப்பதால் அதுவே போதுமான அளவு. ஆனால் அதற்கும் மேலே, போனின் தலைப்பகுதியை அழுத்தினால், போன் முதுகின் மேல்முனையை அச்சாக வைத்துச் சுழன்று அடிப்பகுதியை முன்னால் உதைக்கும். அந்த உதையைத் தாங்குவது உதடுதான். திண்ணையின் ஆழம் போனைவிட மிக அதிகமாக இருந்தால் ஒவ்வொரு தட்டலுக்கும் போனின் அடி முன்னும் பின்னும் ஆடும். உறையோடு 12 மி.மீ. இருக்கும் போனுக்கு 13 அல்லது 14 மி.மீ. ஆழம் போதும். உதட்டின் உயரம் 8 மி.மீ.யைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் திரையின் அடியிலிருந்து விரலால் மேலே தள்ளும்போது தடுக்கும்.

உதடு ஒடிவது அதன் அடிமூலையில்தான். அந்த உள்மூலையைக் கூர்மையாக விடாமல் 2 மி.மீ. ஆரத்தில் வளைத்து வரையுங்கள். கூர்மையான மூலையில் அழுத்தம் ஒரே புள்ளியில் குவிந்து பிளவு அங்கேயே தொடங்கும். மர ரேகையும் முக்கியம். மூன்று அடுக்குப் பிளைவுட்டில் வெளித்தாள் இரண்டிலும் ரேகை ஒரே திசையில் ஓடும், நடுத்தாளில் மட்டும் குறுக்கே ஓடும். உதடும் முதுகும் ஒரே திசையில் நிற்பவை. அந்தத் திசையிலேயே வெளித்தாளின் ரேகை ஓடும்படி துண்டைப் பலகையில் திருப்பி வையுங்கள். ரேகை குறுக்கே வந்தால் உதடு பிஸ்கட் மாதிரி முறியும்.

இவ்வளவையும் தாளில் வரைந்தபின், பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிளேடால் வெட்டி இதே வடிவில் ஒட்டிப் பாருங்கள். போனை வைத்து, சார்ஜரைச் செருகி, தட்டிப் பாருங்கள். கோணம் சரியில்லை என்பது தாளில் தெரியாது, அட்டையில் உடனே தெரிந்துவிடும்.

துண்டுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் விதத்துக்கு வருவோம். பக்கப் பலகையில் கீழ்நோக்கித் திறந்த ஒரு காடி, குறுக்குத் துண்டில் மேல்நோக்கித் திறந்த ஒரு காடி. குறுக்குத் துண்டு 30 மி.மீ. உயரம் என்றால் இரண்டு காடிகளும் 15 மி.மீ. ஆழம். ஒன்றை ஒன்றின்மேல் இறக்கினால் இரண்டும் முழுதாகப் பொருந்தி, அடிவிளிம்புகள் மேசையில் சமமாக உட்காரும். பக்கப் பலகை மேலிருந்து இறங்குவதால் போனின் எடை பிடிப்பை இறுக்கத்தான் செய்யும். முன் குறுக்குத் துண்டை மட்டும் உதட்டுக்கு நேர்கீழே வைக்காமல் 25 மி.மீ. பின்னே தள்ளுங்கள். சாய்ந்திருக்கும் போனில் சார்ஜர் முன்னோக்கி இறங்குவதால் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.

காடியின் அகலம் எவ்வளவு? மூன்று எம்எம் பலகை என்பதால் மூன்று மி.மீ. என்று வரைந்தால், வெட்டிக் கோத்தபின் எல்லாம் லொடலொடவென்று ஆடும். ஏன் என்று புரிய இயந்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊர்களில் அக்ரிலிக் பெயர்ப்பலகை, கல்யாணப் பத்திரிகை, எம்டிஎஃப் பரிசுப் பொருள் செய்து தரும் கடைகளில் இருப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசர். உலகின் முதல் லேசரை மாணிக்கப் படிகத்தைக் கொண்டு தியோடர் மெய்மன் 1960-இல் இயக்கிக் காட்டினார். நான்கு ஆண்டு கழித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு வாயுவிலிருந்து லேசர் கதிரை எடுத்தவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர் அவர். கல்யாணப் பத்திரிகையில் பூவேலை வெட்டும் ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் அவர் கண்டுபிடிப்பு இருக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

இந்தக் கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மரம், தாள், தோல், அக்ரிலிக் எல்லாம் இந்த அலைநீளத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், பளபளப்பான உலோகம் திருப்பி அனுப்பிவிடும். நீளமான கண்ணாடிக் குழாயில் பிறக்கும் கதிரை மூன்று ஆடிகள் திருப்பித் திருப்பி வெட்டும் தலைக்குக் கொண்டுவருகின்றன. அங்கே ஒரு லென்ஸ் அதை மயிரிழை அளவுக்குக் குவிக்கிறது. குவிந்த இடத்தில் மரம் ஆவியாகவும் கரியாகவும் போய்விடுகிறது. பக்கத்தில் ஒரு குழாய் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். புகையை விலக்கி, தீ பிடிக்காமல் தடுத்து, லென்ஸில் கரி படியாமல் காப்பது அந்தக் காற்றுதான். கதிரோடு வாயுவையும் ஊதி வெட்டும் முறையை, ஆக்சிஜனைக் கொண்டு 1 மி.மீ. இரும்புத் தகட்டில் 1967-இல் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட்.

கதிர் மெல்லியது என்றாலும் அதற்கும் அகலம் உண்டு. மூன்று எம்எம் பலகையில் அது 0.15 முதல் 0.2 மி.மீ. வரை மரத்தை எடுத்துவிடும். இதைக் கெர்ஃப் என்பார்கள். ரம்பம் தின்னும் மரத்தைத் தச்சர் கணக்கில் வைத்துக்கொள்வார், அதனால் அளவுக்கோட்டின் மேலேயே ரம்பத்தைப் போடமாட்டார், கழிவுப் பக்கம் தள்ளிப் போடுவார். லேசர் அப்படித் தள்ளிப் போடாது. நாம் வரைந்த கோட்டின்மேலேயே ஓடி, கோட்டின் இருபுறமும் பாதிப்பாதி தின்னும். ஆகவே 3 மி.மீ. காடி வரைந்தால் 3.2 மி.மீ. ஓட்டையாக வெளிவருகிறது. அதே சமயம் 3 மி.மீ. என்று வாங்கிய பலகையை வெர்னியர் காலிப்பரில் பிடித்தால் 2.7, 2.9 என்று காட்டும், சில நேரம் 3.1-உம் காட்டும். பெயரில் இருக்கும் அளவு வியாபாரப் பெயர்தான். 2.9 மி.மீ. பலகை 3.2 மி.மீ. காடியில் ஆடாமல் என்ன செய்யும்?

உங்கள் கடை இயந்திரத்தின் கெர்ஃபை அளக்க எளிய வழி இருக்கிறது. 10 மி.மீ. அகலத்தில் பத்துப் பட்டைகளை ஒட்டி ஒட்டி வரைந்து வெட்டச் சொல்லுங்கள். பத்தையும் இடைவெளி இல்லாமல் சேர்த்துப் பிடித்து மொத்த அகலத்தை அளந்தால் 100 வராது. 98.2 வந்தால், குறைந்த 1.8-ஐப் பத்தால் வகுங்கள், 0.18. ஒரே பட்டையை அளந்தால் காலிப்பரின் சிறு பிழையே விடையைக் கெடுத்துவிடும், பத்தைச் சேர்த்து அளக்கும்போது அந்தப் பிழை பத்தில் ஒன்றாகச் சுருங்கும். இனி காடியின் அகலம், பலகையின் உண்மைத் தடிமனில் கெர்ஃபைக் கழித்தது. 2.9-இல் 0.18 போனால் 2.72. சற்று இறுக்கமாகப் பிடிக்க 2.7 வரையலாம்.

கணக்கு இருந்தாலும், முழு ஸ்டாண்டையும் வெட்டுவதற்கு முன் ஒரு சீப்பு வெட்டிப் பார்க்கச் சொல்வேன். சிறு துண்டுப் பலகையில் 2.5, 2.6, 2.7, 2.8, 2.9, 3.0 என்று ஆறு காடிகள். அதே பலகையின் இன்னொரு துண்டை ஒவ்வொன்றிலும் செருகிப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் இறங்கி, தலைகீழாகப் பிடித்தாலும் விழாத காடிதான் உங்கள் அளவு. லேசர் வெட்டின் ஓரம் துல்லியமான செங்குத்து அல்ல, குவிந்த கதிர் மேலும் கீழும் விரிவதால் லேசான சரிவு இருக்கும். அந்தச் சரிவு கணக்கில் வராது, கைக்குத் தெரியும்.

பலகைத் தேர்வில் ஒன்று கவனிக்க வேண்டும். தண்ணீருக்குத் தாங்கும் என்று நினைத்து ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அதில் அடுக்குகளை ஒட்டும் ஃபீனால் பசை லேசருக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. பசைக்கோட்டில் கதிர் திணறி, ஓரம் கரியாகி, சில இடங்களில் வெட்டே இறங்காமல் நிற்கும். யூரியா பசை போட்ட எம்ஆர் வகை சாதாரணப் பிளைவுட் நன்றாக வெட்டுப்படும். மலிவான பலகையில் நடுத்தாளில் ஓட்டையும் அதை அடைத்த பட்டியும் மறைந்திருக்கலாம், அங்கேயும் வெட்டு முழுதாக இறங்காது. எம்டிஎஃபில் ரேகையும் இல்லை, ஓட்டையும் இல்லை. சீராக வெட்டுப்படும், முதல் முயற்சிக்கு நல்லது. ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும். பிவிசி தகடும் ரெக்ஸினும் இயந்திரத்துக்குள்ளேயே போகக்கூடாது. சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அது மூச்சுக்குழாயையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். போன் உறுத்தாமல் இருக்க முதுகில் மெத்தென்று ஏதாவது ஒட்ட நினைத்தால், ரெக்ஸினை லேசரில் வெட்டாமல் ஃபெல்ட் துணியைக் கத்தரியால் வெட்டி ஒட்டுங்கள்.

வரைவதற்கு இலவசமான இங்க்ஸ்கேப் போதும். கடைக்காரர்கள் பெரும்பாலும் கோரல்டிராவில் வேலை செய்வார்கள். கோப்பு ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அளவு மாறிவிடுவது உண்டு. இங்க்ஸ்கேப்பே 2017-இல் வந்த 0.92 பதிப்பில்தான் அங்குலத்துக்கு 90 புள்ளி என்ற கணக்கை விட்டு 96-க்கு மாறியது. டிஎக்ஸ்எஃப் கோப்பில் மில்லிமீட்டரை அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் ஸ்டாண்டு 25.4 மடங்கு பெரிதாகத் திறக்கும். அது உடனே கண்ணில் படும், 90-க்கும் 96-க்கும் இடையிலான ஆறு சதவீத வித்தியாசம் கண்ணில் படாது. அதனால் வரைபடத்தின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கடைத் திரையில் அதை முதலில் அளக்கச் சொன்னால் சந்தேகம் தீர்ந்தது. ஒரே இடத்தில் இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். கிடந்தால் கதிர் இரண்டு முறை ஓடி ஓரத்தைக் கருக்கிவிடும்.

வெட்டும் வரிசையில் உள்ளே இருக்கும் ஓட்டைகள் முதலில், வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோடு வெட்டுப்பட்டதும் துண்டு நழுவிவிடும், பிறகு வெட்டும் எதுவும் இடம் மாறிப்போகும். பக்கப் பலகை இரண்டையும் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி அருகருகே அடுக்கினால் ரேகைத் திசையும் மாறாது, பலகையும் மிச்சமாகும். நான்கு துண்டுகளின் கோடுகளையும் கூட்டினால் ஒன்றேகால் மீட்டர் வரும். விநாடிக்கு 15 மி.மீ. வேகத்தில் ஒன்றரை நிமிட வேலை. வெட்டும் நேரத்தை நிமிடக் கணக்கில் வாங்கும் கடைகளும் உண்டு, ஆகவே கோட்டின் நீளம் தெரிந்திருப்பது பேரம் பேசவும் உதவும். பலகையின் மேல் முகத்தில் அகலமான காகித டேப்பை ஒட்டி வெட்டச் சொன்னால் புகைக்கறை மரத்தில் படியாது. இயந்திரம் ஓடும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். மரமும் வெப்பமும் காற்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன, ஒரு சிறு சுடர் பற்றிக்கொள்ள சில விநாடி போதும்.

துண்டுகள் கைக்கு வந்ததும் டேப்பை உரித்துவிட்டு, 240 நம்பர் உப்புத்தாளால் ஓரங்களை லேசாகத் தேய்த்து ஈரத்துணியால் துடையுங்கள். காடிகளின் உள்ளே தேய்க்காதீர்கள், பார்த்துப் பார்த்து வைத்த இறுக்கம் போய்விடும். வெட்டோரத்தின் கருப்பை முழுதாக எடுக்க வேண்டியதில்லை, வெளிர் மரத்துக்கு அந்தக் கருங்கோடு அழகாகவே இருக்கும். கையில் கரி ஒட்டாத அளவுக்குத் தேய்த்தால் போதும். வார்னிஷ் பூசுவதென்றால் துண்டுகளைக் கோத்துப் பார்த்துவிட்டு, பிரித்து, காடிகளை விட்டுவிட்டு மற்ற இடங்களில் பூசி, காய்ந்தபின் மறுபடி கோக்க வேண்டும். நிரந்தரமாக நிற்க வேண்டும் என்றால் காடியில் ஒரு சொட்டு ஃபெவிகால் விடலாம். நான் விடமாட்டேன். ஒட்டாத ஸ்டாண்டைப் பிரித்தால் நான்கு தட்டைத் துண்டுகள், பயணப் பையில் சட்டைகளுக்கு நடுவே கிடக்கும். அடுத்த போன் தடிமனாக வந்தால் பக்கப் பலகை இரண்டை மட்டும் புது அளவில் வெட்டிக்கொள்ளலாம், குறுக்குத் துண்டுகள் பழையதே போதும். புதுப் பலகையை வாங்கியதும் அதன் தடிமனை மறுபடி அளந்து காடியைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான்.